பொய்ச் சூடு

புதன்கிழமை மாலை ஜெபத்தில் போதகர் கைகளை விரித்து, எங்கள் ஊருக்கு அமைதியைத் தாரும் ஆண்டவரே என்று சொல்லி வாய் மூடவில்லை, மின்னறையின் சைரன் அலறத் தொடங்கியது. ஆலயத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. சைரன் வந்த திசைக்கு அல்ல, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபெரெட்டியின் பக்கம்.

அவன் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மணலில் ஓடினான். ஓடி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் சைரன் அடித்தால் அவன் ஓட வேண்டும் என்பது இந்த ஒரு மாதத்தில் வழக்கமாகிவிட்டது. மின்னறைக் கணினியின் திரையில் சிவப்பு எழுத்தில் 127 டிகிரி என்றிருந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்கும்போதே அது மைனஸ் 55 ஆயிற்று. உலைக்களத்திலும் பனிக்கட்டியிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் கணினி உலகத்தில் கிடையாது. அடுத்து, விசிறி நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று சுற்றுவதாகச் சொன்னது. அப்புறம் 90, அப்புறம் 12. பிறகு எதுவுமே நடக்காததுபோல் சைரன் தானாக அடங்கியது.

ஃபெரெட்டி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். ஆலயத்தில் விட்ட இடத்திலிருந்து ஜெபம் தொடங்கியது.

அவன் சமோவாக்காரன். தலைநகர் ஆப்பியாவில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்காகத் தீவு தீவாகப் போய்க் கணினி சரிபார்ப்பது அவன் பிழைப்பு. சமோவாவுக்கு வடக்கே கடலில் கிடக்கும் டோகெலாவின் இந்தத் திட்டுக்கு வரும்போது, கப்பல் சரக்கு இறக்கி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பையில் ஒரே ஒரு மாற்றுச் சட்டைதான் வைத்திருந்தான். இங்கே விமானம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கப்பல் வந்து பவளப்பாறைக்கு வெளியே நிற்கும். ஊர்ப்படகுதான் ஆளையும் சரக்கையும் கொண்டுபோய் அதில் ஏற்ற வேண்டும். அவனை விட்டுவிட்டு இரண்டு கப்பல் போயாகிவிட்டது.

போகக்கூடாது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஊர்ச்சபையின் தலைவர் தினியேலு கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மிஷின் உண்மை பேச ஆரம்பித்ததும் அவனுக்கு மாலை போட்டு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கப்பல் வந்த காலைகளில் படகுக்காரன் அவன் பையைப் பார்த்ததும் கடலைப் பார்ப்பான். ஆனால் வேளை தவறாமல் சாப்பாடு வந்தது. சுட்ட மீன், தேங்காய்ப்பால் ஊற்றிய சீமைப்பலா, மூன்று பேர் தின்னக்கூடிய தென்னை நண்டு. நேற்று வைத்த நண்டு தீர்வதற்குள் இன்றைய நண்டு வந்து நிற்கும். கம்பி வைத்த சிறையாக இருந்தால் கம்பியை உடைக்கலாம் என்றாவது தோன்றும். இவ்வளவு அன்பாக அடைத்து வைத்தால் மனிதன் எதை உடைப்பான்?

ஆப்பியாவில் அவன் மனைவி ஃபுவாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இது மூன்றாவது. முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது அவன் ஒரு தீவில் பள்ளிக்கூடத்துக் கணினியைப் பிரித்துப் போட்டிருந்தான். இரண்டாவது, பிறந்து ஒரு பகல்கூட இருக்கவில்லை. அப்போது அவன் வேறொரு தீவில் இருந்தான். இரண்டு குழியிலும் மண் போட்டது அவளுடைய அண்ணன். இந்த முறை அவள் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. நீ இருப்பியா என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்றான். அதை அவள் இரண்டாம் தடவை கேட்காததுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது. வரப்போகிற கப்பலில் ஏறினால் பிரசவத்துக்கு முன் போய்விடலாம் என்று டாக்டர் குறித்த தேதி சொன்னது. அதையும் விட்டால் முடியாது.

வேலையில் அவன் குறை வைக்கவில்லை. சென்சார் கம்பிகளைப் பிடுங்கித் துடைத்து மாட்டினான். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினான். எண்களைக் காட்டும் கண்காணிப்பு மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான், பழைய பதிப்பை ஏற்றினான், மறுபடி புதியதை ஏற்றினான். கணினியை எழுப்பும்போது முதலில் வருகிற நீலத்திரையில் எண்கள் ஆடாமல் அசையாமல் நிற்கும். அப்போது சூடும் குறைவு, இப்போதுதானே எழுந்திருக்கிறது. முழுதாக எழுந்து வேலையைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பைத்தியம் பிடிக்கும். ஆக, சென்சார் பொய் சொல்லவில்லை, நடுவில் யாரோ சொல்லைத் திரிக்கிறார்கள். யார் என்பதுதான் பிடிபடவில்லை. தன் மென்பொருள்மீதே சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கடைசியில் தன் கண்மீதே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் கணினி லேசுப்பட்டதல்ல. சூரியத் தகடுகளிலிருந்து பாட்டரிகளுக்கும் பாட்டரிகளிலிருந்து வீடுகளுக்கும் மின்சாரத்தைப் பங்கு பிரித்து விடுவது அதுதான். மருத்துவ அறையின் மருந்துப் பெட்டி, ஊர் மொத்தத்தின் மீனும் கிடக்கும் பெரிய குளிர்பெட்டி, போன் எல்லாம் அதன் தயவில் ஓடின. அது படுத்தால் ஊர் படுத்துவிடும்.

அந்த ஊரில் பிறக்கிற எவரும் ஏதாவது ஒரு பக்கத்தில்தான் பிறக்க முடியும். ஒன்று கடல்பக்கம், இல்லாவிட்டால் காயல்பக்கம். மீன்பிடிப்பில் போட்டி, கிரிக்கெட்டில் போட்டி, ஆட்டபாட்டத்தில் போட்டி. ஆலயத்துக்குக் கூரை வேய்ந்தபோது ஆளுக்குப் பாதியாக வேய்ந்து, எந்தப் பாதி முதலில் ஒழுகுகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மின்னறையைக் காவல் காப்பதும் அப்படித்தான், ஒரு வாரம் அவர்கள், ஒரு வாரம் இவர்கள். கடல்பக்கத்துக்கு லெபாயோ. தொந்தியும் சிரிப்புமாக இருக்கும் ஆலய மூப்பர். காயல்பக்கத்துக்குத் தெயலோபி. கூட்டுறவுக் கடை நடத்துகிறவள், சிரிப்பதற்குக் காசு கேட்பவள்போல் இருப்பாள். இருவரும் தனித்தனியே சாப்பாட்டுத் தட்டோடு வருவார்கள். மிஷினில் குறை இருக்காது, அந்தப் பக்கத்து வாரத்தில் என்ன நடக்கிறதென்று பார் தம்பி என்று லெபாயோ காதைக் கடிப்பார். அதையே தெயலோபியும் சொல்லிவிட்டுப் போவாள். கணினியில் யாராவது எதையாவது ஏற்றினீர்களா என்று அவன் முதல் நாளே கேட்டிருந்தான். தன் பக்கம் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று இருவரும் பைபிளின்மேல் கை வைக்காத குறையாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவனை மின்னறை வாசல்படியைக்கூட மிதிக்க விடமாட்டார்கள். வேலை செய்யக்கூடாத நாள். சைரன் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை அது அடிப்பதில்லை என்றார் லெபாயோ. ஆண்டவருக்குப் பயந்த சைரன் என்று ஃபெரெட்டியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். மண்டையில் உறைக்க மூன்று ஞாயிறு தேவைப்பட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் பழைய அளவுகளைக் கோடாக வரைந்து பார்த்தான். சனிக்கிழமை வரை கோடு கோணல்மாணலாகக் கிறுக்கியிருந்தது. ஞாயிறு முழுவதும் நூல் பிடித்தாற்போல் நேர்கோடு. திங்கள் விடிந்ததும் மறுபடி கிறுக்கல். அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படியே, அதற்கு முந்தையதும். சென்சாருக்கோ கம்பிக்கோ கிழமை தெரியாது. கிழமை தெரிந்தவன் மனிதன்தான். கோடு நேராக இருந்ததைப் பார்த்த சந்தோஷத்தில், அது எந்த உயரத்தில் நேராக இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை.

கணினியின் உள்ளே போய்த் தேடினான். 'கிரிக்கெட்' என்று பெயர் வைத்த ஓர் உறைக்குள், திரையில் முகம் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது இன்னொரு கண்காணிப்பு மென்பொருள். ஞாயிறு மட்டும் ஓடக்கூடாது என்று அதற்கு உத்தரவு. ஞாயிறு சைரன் அடிக்காது என்று சொன்ன லெபாயோவைக் கூப்பிட்டு அவன் திரையைக் காட்டினான்.

லெபாயோ வெகுநேரம் தொந்தியைத் தடவினார்.

"தப்பு ஒண்ணும் பண்ணலயே தம்பி," என்றார். "மிஷின் வந்தப்ப முதல் புரோகிராம ஏத்துனது தெயலோபி. அவங்க பக்கத்துப் புரோகிராம். அவங்க புரோகிராம் சொல்றதத்தான் நாங்க நம்பணும்னா, எங்களுக்குன்னு ஒண்ணு வேணாமா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் நிறுத்துனீங்க?"

"நான் மூப்பராச்சே. என் புரோகிராம ஞாயித்துக்கிழமை வேலை வாங்கலாமா?"

ஃபெரெட்டிக்கு அவரை அடிக்கலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் விளக்கினான். சென்சாரிடம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். தெயலோபியின் கடை ஜன்னல் ஒன்றுதான். நீங்கள் சர்க்கரை கேட்டுவிட்டுக் கையை நீட்டுகிறீர்கள். அவள் திரும்பி எடுப்பதற்குள் பக்கத்தில் நிற்கிறவன் உப்பு என்கிறான். அவள் கடைசியாகக் கேட்டதை எடுத்து, முதலில் நீண்ட கையில் வைத்துவிடுகிறாள். உங்கள் வீட்டுத் தேநீரில் உப்பு. இங்கே சூடு கேட்டவன் கையில் விசிறி வேகம் விழுகிறது, அதைச் சூடு என்று நினைத்துக்கொண்டு சைரன் அடிக்கிறது. லெபாயோ எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் தெயலோபியின் மென்பொருளை எடுத்துவிடு என்றார்.

சபை கூடியது. ஃபெரெட்டி நினைத்ததுபோல் லெபாயோவை யாரும் திட்டவில்லை. இப்படி ஒன்றை நாம் ஏன் யோசிக்காமல் போனோம் என்றுதான் காயல்பக்கத்துக்கு வருத்தம். எங்களுடையது முதலில் வந்தது என்றாள் தெயலோபி. எங்களுடையது ஞாயிற்றுக்கிழமையை மதிக்கிறது என்றார் லெபாயோ. ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். நடுநடுவே ஃபெரெட்டிக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள். கோளாறு தெரிந்துவிட்டது, ஒரு சொடுக்கில் தீர்த்துவிடலாம், ஆனாலும் அவன் பாயில் உட்கார்ந்து நண்டு தின்றுகொண்டிருந்தான். அடைபட்டது ஒரு கணினிக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். இப்போது பார்த்தால் இரண்டு பக்கத்து ரோஷத்துக்கு நடுவில் மாட்டியிருக்கிறான். எலிப்பொறி என்றால்கூடக் கதவு ஒன்றுதான், இதற்கு இரண்டு.

கடைசியில் அவனே வழி சொன்னான். ஒரு வாரம் கடல்பக்கத்து மென்பொருள் சென்சாரிடம் கேட்கட்டும், கேட்டதைக் காயல்பக்கத்துக்குச் சொல்லட்டும். மறு வாரம் காயல்பக்கத்து மென்பொருள் கேட்கட்டும், கடல்பக்கத்தது தெரிந்துகொள்ளட்டும். இரண்டு திரையிலும் ஒரே எண் வரும். கேட்பது எப்போதும் ஒருவர்தான். காவல் முறை எப்படியோ அப்படி. தினியேலு கிழவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, இது நம் ஊருக்கே பொருந்துகிற ஏற்பாடு என்றார். ஃபெரெட்டி அன்றைக்கே அதை எழுதி ஓடவிட்டான். சைரன் அடங்கியது. எல்லோரும் சைரனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எண்ணை யாரும் பார்க்கவில்லை. சைரன் அடிக்கும் எல்லையை, தொல்லை தாங்காமல் ஃபெரெட்டியே இரண்டாம் வாரத்தில் நூறுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தான்.

கப்பல் வந்த காலை அவனுக்குக் கழுத்து நிறைய மாலை. பின்னிய பாய் இரண்டு, மனைவிக்கு ஒரு தொப்பி, பிள்ளைக்கு ஒரு குட்டி விசிறி. படகுக்காரன் தானே வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனான். பாறைக்கு வெளியே கப்பல் நின்றது. ஓதநீர் இறங்கிப் பாறை தலைகாட்டுவதற்குள் ஏறிவிட வேண்டும். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஃபெரெட்டி மின்னறைக்குள் போனான்.

திரையில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு சின்னச் சதுரத்திலும் ஒரே எண். ஆடவில்லை, அசையவில்லை. அவனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் எண்ணைப் படித்தான். 96.

நம்பாமல், கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். விசிறி அழகாகச் சுற்றியது. மூளைச் சில்லின்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய உலோகச் சீப்பை விரலால் தொட்டான். சில்லென்று இருந்தது. சில்லு கொதிக்கும்போது அதன் தலைமேல் இருக்கிற உலோகம் சில்லென்று இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம். அந்தச் சீப்பை அழுத்திப் பிடித்திருக்கும் கொக்கி எங்கோ உடைந்திருக்கிறது. சூடு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து வேகிறது. இத்தனை பொய் எண்களுக்கு நடுவில் ஒரு உண்மை எண்ணும் வந்து வந்து போயிருக்கிறது. அவன் எல்லாவற்றையும் ஒரே குப்பையில் போட்டிருக்கிறான். இன்னும் சில நாள், அல்லது இரண்டு வாரம். அதற்குள் சில்லு கருகிவிடும். மாற்றுச் சில்லு அடுத்த கப்பலுக்கு முன் வராது. இப்போதே அணைத்துச் சரிசெய்வதென்றால் ஒரு பகல் பிடிக்கும், அதுவரை கப்பல் நிற்காது.

லெபாயோவும் தெயலோபியும் அவனைத் தேடி வந்தார்கள். அவன் சொன்னான். லெபாயோ குனிந்து உலோகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பச்சைத்தண்ணியாட்டம் இருக்கு தம்பி. இது மறுபடி பொய் சொல்லுது."

தெயலோபியும் தொட்டாள். "ஆமா, சூடே இல்ல," என்றாள். "பொய்தான்."

அந்த இரண்டு பக்கமும் ஒன்றில் ஒத்துப்போய் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஃபெரெட்டி மறுபடி விளக்கினான். சூடாக இருந்தால் நல்லது, சில்லென்று இருப்பதுதான் ஆபத்து என்றான். அவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு மாதமாகத் தப்பு எண்ணையே பார்த்துப் பார்த்து அவன் கலங்கிப்போயிருக்கிறான் என்றார் லெபாயோ, தெயலோபியிடம், அவன் அங்கே இல்லாததுபோல். வாசலுக்கு வந்த தினியேலு கிழவர், வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது, போய்வா மகனே, எங்களால் உனக்கு ரொம்பத் தாமதம் என்றார். கப்பல் ஒருமுறை ஊதியது.

கதவு விரியத் திறந்திருந்தது. போ என்று ஊரே சொல்கிறது. அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான், அவர்கள் நம்பவில்லை, அது அவன் குற்றமல்ல. படகில் ஏறி உட்கார்ந்தால் போதும். ஃபுவா கரையில் நிற்பாள். ஊர் இருட்டானால், மருந்து கெட்டால், குளிர்பெட்டியில் அத்தனை பேரின் மீனும் அழுகினால், அவன் சொன்னானே என்று இவர்களே சாட்சி சொல்வார்கள். இவ்வளவு நியாயங்களும் கையில் இருந்தும் அவன் கால் நகரவில்லை. அவர்கள் கதவைச் சாத்தியிருந்த நாளெல்லாம் அவன் அவர்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறான். இப்போது கோபப்பட யாரும் இல்லை. இந்த உலகத்தில் அந்த எண் உண்மை என்று அறிந்தவன் அவன் ஒருவன்தான், அதை அறிந்துகொண்டு எப்படிப் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என் பையை இறக்கச் சொல்லுங்க," என்றான்.

அவன் தங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் அந்த எண்ணை நம்பினார்கள். லெபாயோவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என்ன வேண்டும் என்று கேட்டார். முதலில் கணினியை அணைக்க வேண்டும், அணைத்தால் ஊர் முழுக்க மின்சாரம் போகும், போனும் போகும் என்றான் ஃபெரெட்டி. அதற்குமுன் ஒரு போன் பேச வேண்டும்.

ஃபுவா உடனே எடுத்தாள். ஏறிவிட்டாயா என்றாள்.

"ஏறல, ஃபுவா."

"விடலயா அவங்க?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவளும் அதற்குத்தான் வாசல் திறந்துவிட்டிருந்தாள். அந்தக் கிழவரையும் தொந்திக்காரரையும் அவள் ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருப்பாள், அவனைத் திட்டமாட்டாள்.

"விட்டாங்க," என்றான். "நான்தான் ஏறல. மிஷின் நெஜமாவே கொதிக்குது. நான் போனா இங்க எல்லாம் நின்னுடும்."

"சரி," என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

அவன் கணினியை அணைத்தான். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஊரின் பாட்டுப்பெட்டிகளும் நின்றுவிட, கப்பல் போகும் இரைச்சல் மட்டும் தெளிவாகக் கேட்டது. சீப்பைத் தூக்கிப் பார்த்தான். நான்கு கொக்கிகளில் ஒன்று வெடித்து, ஒரு மூலை மயிரிழை உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. இந்த மயிரிழைக்காகத்தான் எல்லாம். நடுவில் இருந்த பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. சுரண்டி எடுத்துப் புதுப்பசை தடவினான். கொக்கிக்குப் பதில் சூரை மீன் பிடிக்கும் தடித்த தூண்டில் நரம்பைக் கொண்டுவந்து லெபாயோ இழுத்துப் பிடிக்க, தெயலோபி முடிச்சுப் போட்டாள். யார் முடிச்சு உறுதி என்று ஆரம்பித்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் பாட்டரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அவசரப்பட முடியாத வேலை. பகல் முழுக்க அவனுக்கு ஒரே நினைப்பு. இரண்டு தடவை அவன் அங்கே இல்லாதது தலைவிதி என்று அவளும் சொன்னாள், அவனும் சொன்னான். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வழியில்லை.

வெளிச்சம் சாய்கிற நேரத்தில் கணினி எழுந்தது. இரண்டு சதுரத்திலும் 51. ஆலயத்தின் விளக்கு எரிந்தது, வீடுகளில் எரிந்தது. மேசைமேல் கிடந்த அவன் போன் விடாமல் துடிக்க ஆரம்பித்தது. ஃபுவாவின் அக்கா கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வலி நாள் கணக்கு பார்க்காமல் மதியமே வந்துவிட்டதாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகவும், எங்கே தொலைந்தாய் என்றும் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அதற்குமேல் எதுவும் இல்லை. லெபாயோவும் தெயலோபியும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவன் அக்காவின் எண்ணை அழுத்தினான்.

அக்கா எடுப்பாள் என்று நினைத்தான். எடுத்தது ஃபுவா. குரல் களைத்துப்போயிருந்தது.

"பொண்ணு," என்றாள். "நல்லா இருக்கா. மூச்சு நல்லா விடறா, டாக்டர் ரெண்டு தடவை பார்த்துட்டார்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கப்பல்ல ஏறியிருந்தாலும் இந்நேரம் நீ நடுக்கடல்லதான் இருந்திருப்பியாம்," என்றாள். "எப்படியும் பார்த்திருக்க முடியாதாம். அக்கா அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா, நான் மனசுல வெச்சுக்கக் கூடாதுன்னு."

"ஆமா," என்றான் அவன், மெதுவாக.

"ஆனா நீ நடுக்கடல்ல இல்லயே, ஃபெரெட்டி. நடுக்கடல்ல இருந்திருந்தா என்கிட்ட வந்துக்கிட்டு இருந்திருப்ப."

அந்தப் பக்கம் துணி சரசரத்தது, யாரோ எதையோ தூக்கி எடுத்துக் கொடுத்தார்கள்.

"வெச்சுடாத," என்றாள் ஃபுவா. "அழறா. கேளு."

அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான். அடுத்த கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.